கல்லிடம் ஒப்படைத்த பொறுப்பு

ஒழுக்கவியல் நூல்கள் வாக்குறுதி பற்றி ஆராயும்போது பெரும்பாலும் இருவரை நம்முன் நிறுத்துகின்றன. ஒருவன் வாக்களிக்கின்றான், மற்றவன் அதனை நம்பி நடக்கின்றான். வாக்குத் தவறுமாயின் கேட்பதற்கு ஒருவனும் நாணுவதற்கு மற்றவனும் உளர். இவ்விருவரும் ஒரே காலத்தில் வாழ்பவர் என்பது அந்நூல்கள் சொல்லாமலே கொண்டுள்ள எடுகோள். அணுச்சக்தி யுகம் இவ்வெடுகோளைத் தகர்த்துவிட்டது. அணு உலைகளிலே தோன்றும் புளூட்டோனியம்-239 என்னும் சமதானியின் அரைவாழ்வுக் காலம் 24,100 ஆண்டுகள். பத்து அரைவாழ்வுக் காலங்கள், அஃதாவது 241,000 ஆண்டுகள் கழிந்த பின்னரும் அதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு எஞ்சி நிற்கும். மனித இனம் எழுதக் கற்றுக்கொண்டு இன்னும் 6,000 ஆண்டுகள் ஆகவில்லை. இத்தகைய நஞ்சைப் பிறர்க்குத் தீங்கு நேராவண்ணம் காப்போம் என்று சொல்பவன் யாருக்குச் சொல்கின்றான்? எவ்வுரிமை கொண்டு சொல்கின்றான்?

காவலை அரசுகளிடம் ஒப்படைத்தல் இயலாது என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. அரசுகளின் ஆயுளை வரலாற்று மாணவர் அறிவர். மொழிகளும் நிலையானவை அல்ல. அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில் நிலத்தடி உப்புப் படையினுள் அமைந்த கழிவுக் களத்தில், 10,000 ஆண்டுகளுக்குப் பின் வருவோரும் விளங்கிக்கொள்ளத்தக்க எச்சரிக்கைக் குறியீடுகளை எவ்வாறு நாட்டலாம் என அறிஞர் குழுவொன்று ஆராய்ந்து 1993 இல் அறிக்கை வெளியிட்டது. தோமஸ் செபியோக் என்னும் குறியியல் அறிஞர் 1984 இலேயே, இவ்வறிவைத் தலைமுறை தலைமுறையாகக் கடத்துவதற்கு ஒருவகை 'அணுக் குருமார்' மரபு வேண்டும் என்று யோசனை கூறியிருந்தார். சமயத்தின் உதவியை விஞ்ஞானம் நாட நேர்ந்த இந்நிலை நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். எனினும், எந்நிறுவனத்தையும் நம்பமுடியாது என்ற உண்மையை இதனிலும் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள முடியாது.

எனவே மனிதரை விடுத்துக் கல்லை நாடினர். கழிவைத் திரவமாக விட்டுவைக்காது, கரையாத திண்மப் பொருளொன்றினுள் அணு அணுவாகப் பிணைத்துவிடுதல் இம்முறையின் நோக்கம். பிரான்சு, பிரித்தானியா, இந்தியா ஆகிய நாடுகள் கழிவை உருக்கிய போரோசிலிக்கேற்றுக் கண்ணாடியோடு கலந்து உறையவைக்கின்றன. கண்ணாடி செய்தற்கு எளிது. பலவகை மூலகங்களையும் ஏற்றுக்கொள்வது. ஆயினும் அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டெட் ரிங்வூட் என்னும் புவியிரசாயன அறிஞர் 1978 இல் வேறொரு வழியைக் காட்டினார். கண்ணாடி இயற்கையில் நெடுங்காலம் நிலைப்பதில்லை. சில கனியங்களோ கோடிக் கணக்கான ஆண்டுகளாக யுரேனியத்தையும் தோரியத்தையும் தம்முள் அடக்கி வைத்திருக்கின்றன. அவ்வாறாயின் அக்கனியங்களையே செயற்கையாகச் சுட்டு இறுக்கி ஆக்கலாகாதா? இவ்வினாவிலிருந்து பிறந்ததே சின்றொக் எனப்படும் செயற்கைப் பாறை. ஹொலண்டைற்று, சிர்க்கனோலைற்று, பெரோவ்ஸ்கைற்று முதலிய தைற்றேனியச் சேர்வைகளைக் கொண்ட செரமிக் பொருள் அது. ஒவ்வொரு கழிவு மூலகத்துக்கும் பளிங்கமைப்பில் அதற்குப் பொருத்தமான ஓர் இருக்கை உண்டு என்பது இதன் அடிப்படை.

இங்கேதான் இடர்ப்பாடு தொடங்குகின்றது. சிறைப்பட்டது சும்மா இருப்பதில்லை. புளூட்டோனிய அணுக்கரு ஒன்று சிதையும்போது அல்பாத் துணிக்கை ஒன்றை வெளியே வீசுகின்றது. அத்துணிக்கை பத்து இருபது மைக்கிரோமீற்றர் தூரம் ஓடித் தன் சக்தியின் பெரும்பகுதியை இலத்திரன்களோடு மோதுவதிற் செலவிட்டு, வழியில் சில நூறு அணுக்களை மாத்திரம் இடம்பெயர்க்கும். பெருந்தீங்கு விளைப்பது அஃதன்று. துப்பாக்கி சுடும்போது தோளை அடிப்பது போல, எஞ்சிய கனத்த கருவானது எதிர்த்திசையிற் பின்னடிக்கின்றது. அது செல்லும் தூரம் நனோமீற்றர்க் கணக்கில் முப்பது போன்றதே. அக்குறுகிய வெளிக்குள் ஆயிரக் கணக்கான அணுக்கள் தத்தம் இருக்கைகளிலிருந்து தள்ளுண்டு, ஒழுங்கு குலைந்து கிடக்கும். இத்தகைய குலைவுப் புள்ளிகள் பெருகி ஒன்றோடொன்று பொருந்தும்போது பளிங்கு தன் பளிங்குத் தன்மையை இழந்து, கண்ணாடியை ஒத்த உருவிலி நிலையை அடையும். வெளித்தோற்றத்தில் பளிங்கின் முகங்களும் விளிம்புகளும் அப்படியே நிற்க, உள்ளே யாவும் கலைந்துபோன கனியங்களுக்கு நோர்வே நாட்டு அறிஞர் புறோகர் 1893 இல் 'மெற்றமிக்ற்' எனப் பெயரிட்டார். கதிரியக்கம் கண்டுபிடிக்கப்படுவதற்கு மூன்றாண்டுகள் முன்னரே இப்பெயர் தோன்றியமை குறிப்பிடத்தக்கது. காரணம் தெரியாமலே விளைவுக்குப் பெயர் வைத்தாயிற்று.

இவ்வாராய்ச்சியில் நம் நாட்டுக் கற்களுக்குள்ள இடத்தை இங்கு கூறாமற் செல்லுதல் தகாது. இரத்தினபுரிப் பகுதியின் மணிப்படைகளில் கிடைக்கும் சிர்க்கன்கள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகள் பழைமை வாய்ந்தவை. அவற்றின் வயது ஒன்றாயினும் அவை கொண்டுள்ள யுரேனியத்தின் அளவு வேறுவேறு. ஆகவே ஒரே ஆற்றுமணலில் எடுத்த கற்களுள் ஒன்று சிதைவற்ற பளிங்காகவும், இன்னொன்று அரைகுறையாகவும், பிறிதொன்று முற்றும் உருவிழந்தும் காணப்படும். கதிர்த்தாக்கத்தின் படிமுறையை இவ்வளவு நேர்த்தியாக வரிசைப்படுத்தித் தரும் இயற்கைச் சோதனைச்சாலை பிறிதொன்று அரிது. ஹொலண்ட், கொட்பிரீட் என்போர் 1955 இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு இலங்கைச் சிர்க்கன்களை அடிப்படையாகக் கொண்டதே. முற்றாகச் சிதைந்த கல் ஏறத்தாழ 18 வீதம் பருத்துவிடுகின்றது. அதன் ஒப்படர்த்தி 4.7 இலிருந்து 4 அளவுக்குக் குறைகின்றது. சூடாக்கினால் அணுக்கள் ஓரளவு மீண்டும் தம் இருக்கைகளைத் தேடிச் செல்லும். நிறமற்ற சிர்க்கனை 'மாத்தறை வைரம்' என விற்ற நம் மணி வணிகர், கல்லைச் சூடேற்றித் தெளிவுபெறச் செய்யும் வித்தையை அணுக்கொள்கை அறியாமலே அறிந்திருந்தனர்.

கலை வரலாற்று மேதையாகவே நாம் போற்றும் ஆனந்த குமாரசாமி, தம் இளமையில் இலங்கைக் கனிய அளவைத் திணைக்களத்தின் முதற் பணிப்பாளராகக் கடமையாற்றினார். அக்காலத்தில், 1904 இல், இந்நாட்டுக் கனியம் ஒன்று தோரியனைற்று எனப் பெயர் பெற்றது. அதனை இலண்டனிலே ஆராய்ந்துகொண்டிருந்த இளைஞர் ஒட்டோ ஹான் 1905 இல் றேடியோதோரியத்தைக் கண்டார்; அவரே 1938 இல் சிறாஸ்மனோடு சேர்ந்து அணுக்கருப் பிளவையும் கண்டவர். இத்தோரியனைற்று எவ்வளவு கதிர்த்தாக்கத்துக்கு உட்படினும் பளிங்காகவே நிலைபெறுகின்றது. எகலியகொடையிலே எடுக்கப்பட்டு, 1961 இல் எக்கனைற்று எனப் பெயரிடப்பட்ட பச்சைக் கல்லோ, அதே தோரியத்தால் உருக்குலைந்து போயுள்ளது. பகைவன் ஒருவன், கோட்டைகள் இரண்டு, விளைவு வேறு.

இனி நம் வினாவுக்கு வருவோம். கல் காக்கும் என்று கூறுவோரின் நம்பிக்கை எத்தன்மையது? அதற்கு இருவகைச் சான்றுகள் காட்டப்படுகின்றன. ஒன்று, இயற்கைக் கற்களின் சான்று. ஓவர்ஸ்பி, ரிங்வூட் ஆகியோர் 1981 இல் ஆராய்ந்த கனியங்களுள் இலங்கைச் சிர்க்கனோலைற்றும் ஒன்று. அது உருவிழந்த பின்னரும் யுரேனியத்தையும் அது சிதைந்து பிறப்பித்த ஈயத்தையும் வெளியே விடாது வைத்திருந்தது. பளிங்கு குலைதல் வேறு, அடைத்த பொருள் கசிதல் வேறு என்பதற்கு இது நல்ல உதாரணம். மற்றையது, விரைவாக்கிய சோதனை. புளூட்டோனியம்-239 க்குப் பதிலாக 87.7 ஆண்டு அரைவாழ்வுடைய புளூட்டோனியம்-238 ஐச் செரமிக்கினுள் இட்டால் சிதைவுகள் ஏறத்தாழ 275 மடங்கு விரைவாக நிகழும். ஆயிரம் ஆண்டில் விளையும் சேதத்தை நான்கு ஆண்டிற்குள் கண்டுவிடலாம்.

இரண்டு சான்றுகளும் மதிப்புடையனவே. எனினும் தருக்க நோக்கிற் பார்க்கும்போது இரண்டிலும் ஒவ்வோர் ஓட்டை உண்டு. முதலாவதில், நம் கைக்குக் கிடைப்பவை எஞ்சிய கற்கள் மாத்திரமே. கரைந்துபோன கல் எந்த ஆற்றுமணலிலும் கிடைப்பதில்லை. தொண்ணூறு வயதுக் கிழவர்களை மாத்திரம் விசாரித்துவிட்டு இவ்வூரில் எவரும் இளமையில் இறப்பதில்லை எனச் சொல்வதற்கு நிகராக இது அமைந்துவிடக் கூடும். இரண்டாவதில், காலத்தைச் சுருக்கும்போது சேதம் மாத்திரமே விரைவாகின்றது, ஆறுதல் விரைவாவதில்லை. அணுக்கள் மெதுமெதுவாகத் தம் இருக்கைக்கு மீளும் செயலும், நீர் மெதுமெதுவாகக் கல்லை அரிக்கும் செயலும் தம் சொந்த வேகத்திலேயே நடைபெறும். காயமும் குணமும் வேறுவேறு கடிகாரங்களைக் கொண்டவை. ஆதலால் விரைவாக்கிய சோதனை உண்மை நிலையை மிகைப்படுத்தவும் கூடும், குறைத்துக் காட்டவும் கூடும். நேற்றுப்போல் நாளையும் இருக்கும் என்பதற்கு நியாயம் என்ன என்று ஹியூம் எழுப்பிய பழைய வினா இங்கே வகுப்பறை வினாவாக இல்லை. அது பொறியியலின் உள்ளேயே புகுந்துவிட்டது.

2007 இல் நேர்ந்த ஒரு சம்பவம் இதனை நன்கு உணர்த்தும். பார்னன், சோ, வெபர் என்னும் மூவர், கருக் காந்தப் பரிவு முறையைக் கொண்டு சிர்க்கனில் இடம்பெயர்ந்த அணுக்களை நேரடியாக எண்ணினர். ஒவ்வோர் அல்பாச் சிதைவும் ஏறத்தாழ 5,000 அணுக்களைப் பெயர்க்கின்றது என்பது அவர்கள் கண்ட முடிபு. முன்னைய மதிப்பீடுகளைவிட இது பல மடங்கு அதிகம். நிறையில் பத்து வீதம் புளூட்டோனியம்-239 கொண்ட சிர்க்கன் செரமிக் ஏறத்தாழ 1,400 ஆண்டுகளில் உருவிழந்துவிடும் என அவர்கள் கணித்தனர். தேவைப்படும் காலம் 241,000 ஆண்டுகள். பளிங்கு நிற்கும் காலம் 1,400. உருவிழந்த சிர்க்கன் கசிந்தே தீரும் என்று இதனாற் பெறப்படாது. ஆயினும் உருவிலிச் சிர்க்கன் நீரில் விரைவாகக் கரையும் என்பதும், அத்தகைய கற்கள் ஈயத்தை இழத்தல் உண்டு என்பதும் அறியப்பட்டவை. இம்மூவரும் தமக்கு முன் சென்றோரைப் பழிக்கவில்லை. அளவுகோல் மாறியது, விடை மாறியது; அவ்வளவே. நாளை மற்றோர் அளவுகோல் வரலாம்.

எனவே 'இக்கல் காக்கும்' என்னும் கூற்றை நாம் வாக்குறுதி என்பதா, எதிர்வுகூறல் என்பதா? வாக்குறுதி மன உறுதியைப் பொறுத்தது. எதிர்வுகூறல் உலகின் இயல்பைப் பொறுத்தது. 'நான் வருவேன்' என்பது முன்னது, 'மழை வரும்' என்பது பின்னது. மழை வராவிட்டால் வானிலையாளர் பொய்யர் ஆகார். கழிவைப் புதைப்போர் எதிர்வுகூறல் ஒன்றைச் செய்துவிட்டு, அதற்கு வாக்குறுதியின் உடையை அணிவிக்கின்றனர் என்பது என் எண்ணம். 'பாதுகாப்பு உறுதி செய்யப்பட்டுள்ளது' என்னும் அரச மொழி அத்தகையது. உறுதியளிப்பவர் யார் என்று தேடினால் கல்லைத் தவிர அங்கு எவரும் இலர். கல்லோ எதனையும் உறுதியளிப்பதில்லை. பொறுப்பு என்பது செயல் செய்பவனிடம் மாத்திரம் தங்குவது. பொருளுக்குக் கைமாற்றத் தக்கது அன்று.

இதற்கு மறுப்பாகச் சிலர் கூறுவது, இன்னும் பிறவாதோர்க்கு உரிமை என்று ஒன்றில்லை என்பது. 1978 இல் றிச்சாட் றவுட்லி, வல் றவுட்லி என்னும் அவுஸ்திரேலிய மெய்யியலாளர் இருவர் இதற்கு ஓர் உவமை வாயிலாக விடை கூறினர். சனங்கள் நிறைந்து நெடுந்தூரம் செல்லும் வண்டியொன்றில், நச்சு வாயு அடைத்த மெல்லிய கலமொன்றை ஒருவன் பொதியாக ஏற்றி அனுப்புகின்றான். வழியில் அது உடையாமலும் இருக்கலாம். வண்டியில் இருப்போர் எவரென அவன் அறியான். தன் வியாபாரத்துக்கு வேறு வழியில்லை என்று அவன் சொல்வதை நாம் ஏற்போமா? காலத் தூரமும் இடத் தூரம் போன்றதே என்பது அவர்தம் கருத்து. டெறக் பாபிற் 1984 இல் வெளியிட்ட நூலில் இன்னும் நுட்பமான சிக்கலை எழுப்பினார். நாம் வேறொரு சக்திக் கொள்கையைத் தெரிந்திருந்தால் மக்களின் இடப்பெயர்வும் மணவுறவும் வேறாகி, அத்தொலைக் காலத்தில் முற்றிலும் வேறு மனிதரே பிறந்திருப்பர். ஆகவே கசிவால் துன்புறுவோர், 'நீங்கள் வேறாகச் செய்திருந்தால் எமக்கு நன்மையாயிருந்திருக்கும்' என முறையிட முடியாது. ஏனெனில் அவ்வாறு செய்திருந்தால் அவர்களே இரார். பாபிற் இதனால் தீங்கு நியாயமாகிவிடும் என்று முடிக்கவில்லை. முறையிடுவோன் இல்லாமலும் ஒரு செயல் தவறாயிருக்கலாம் என்பதற்கே அவர் இதனைக் கொண்டார். எனக்கும் அவ்வாறே படுகின்றது. முறையீட்டைக் கொண்டு தவற்றை அளப்பது நீதிமன்றத்துக்குப் பொருந்தும். ஒழுக்கத்துக்கு அது குறுகிய அளவுகோல்.

இவ்வாறெல்லாம் எழுதும்போது, குறைபாடற்ற கல் கிடைக்கும்வரை எதனையும் புதைக்கலாகாது என்று முடித்துவிடுதல் எளிது. அம்முடிபை நான் ஏற்கவில்லை. கழிவு ஏற்கெனவே இருக்கின்றது. அமெரிக்காவின் ஹன்போட் களத்தில் ஆயுதப் புளூட்டோனியம் பிரித்தெடுத்த காலத்துக் கழிவுகள் 177 நிலத்தடித் தாங்கிகளில் இடப்பட்டன. அவற்றுள் 67 தாங்கிகள் கசிந்தவை எனக் கருதப்படுகின்றன. மேலதிக ஆயுதப் புளூட்டோனியத்தின் ஒரு பகுதியைத் தைற்றேனியச் செரமிக்கில் அடைக்க அந்நாடு தீட்டிய திட்டம் 2002 இல் கைவிடப்பட்டது. பிரித்தானியாவில் ஏறத்தாழ 140 தொன் புளூட்டோனியம் செலாபீல்டில் பல பத்தாண்டுகளாகக் கலங்களிற் குவிந்தது. அதனைத் திண்மமாக்கிப் புதைப்பதென அரசு முடிவு கூறியது 2025 சனவரியில். காத்திருத்தலும் ஒரு செயலே. ஐயம் கொண்டவன் கை கட்டியிருந்தால் அவ்வையத்தின் விலையைத் தாங்கியின் அருகே வாழ்பவன் கொடுக்கின்றான். 1,400 ஆண்டு நிற்கும் பளிங்கு 241,000 ஆண்டுக்குப் போதாது. ஆனால் துருப்பிடிக்கும் இரும்புத் தாங்கியோடு ஒப்பிடும்போது அது பெரும் பேறு.

மேலும், பொருளாராய்ச்சியும் நின்றுவிடவில்லை. கடோலினியத் தைற்றனேற்று அல்பாத் தாக்கத்தால் உருவிழக்கும். அதே அமைப்பில் தைற்றேனியத்தை நீக்கிச் சிர்க்கோனியத்தை இட்டால், வரும் பொருள் அணுக்களின் இருக்கைகள் கலைந்த பின்னரும் பளிங்காகவே நிற்கின்றது. அதன் பளிங்கமைப்பு இரு அணுவகைகள் இடம் மாறியிருத்தலைச் சிரமமின்றி ஏற்றுக்கொள்ளும் என்பது காரணம். சிக்கபஸ் முதலியோர் 2000 ஆம் ஆண்டில் இதனை விளக்கினர். விஞ்ஞான உண்மை ஒன்றைக் கண்டவுடன் அதனைச் சமுதாயத்துக்கு உவமையாக்கிவிடும் பழக்கம் நம் சங்கக் கட்டுரைகளுக்கு உண்டு. ஒழுங்கின்மையைப் பொறுக்கும் அமைப்பே நிலைக்கும் என்று எழுதக் கையும் துடிக்கின்றது. கடோலினியம் மனிதன் அன்று, விட்டுவிடுவோம்.

உண்மையில் எனக்கு அச்சம் தருவது கல் தோற்றுவிடும் என்பதன்று, கல் வென்றுவிடும் என்பதே. நல்ல செரமிக் ஒன்று கிடைத்துவிட்டது என்ற செய்தி, இருக்கும் கழிவை அடைப்பதற்கு மாத்திரம் பயன்படுமா, இன்னும் கழிவு ஆக்குவதற்கு உரிமைப் பத்திரமாகவும் பயன்படுமா? முதலாவது, முன்னோர் வைத்த கடனை இறுத்தல். இரண்டாவது, இறுக்கும் வழி கண்டோம் என்று சொல்லிப் புதுக்கடன் எடுத்தல். ஒரே கல், ஒரே சூத்திரம், ஒரே சூளை. ஒழுக்க நிலையில் அவை இரண்டும் ஒன்றல்ல. சக்தித் தட்டுப்பாடும் காலநிலை மாற்றமும் அணு உலைகளின் பக்கம் நியாயம் சேர்க்கின்றன என்பதை மறுக்க முடியாது. அந்நியாயம் தன் காலில் நிற்கட்டும். நிலக்கரியோடு ஒப்பிட்டு, இத்தனை தீமைக்குப் பதிலாக இத்தனை தீமை என்று வெளிப்படையாக வாதிடப்படட்டும். கழிவுப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்னும் சொற்றொடரை மாத்திரம் அதற்குத் துணைக்கு அழைக்கலாகாது.

பிரான்சு நாட்டின் 2006 ஆம் ஆண்டுச் சட்டம், ஆழத்தில் வைக்கும் கழிவைக் குறைந்தது நூறு ஆண்டுகளுக்கேனும் மீள எடுக்கத்தக்கதாக வைத்திருக்க வேண்டும் என விதிக்கின்றது. நூறு ஆண்டு என்பது கல்லின் கணக்கில் ஒரு கணமும் அன்று. எனினும் அது நான்கு தலைமுறை மனிதர்க்கு மறுபரிசீலனை செய்யும் வாய்ப்பை அளிக்கின்றது. இவ்வாய்ப்பு வெறும் திறந்த கதவாக இருந்தாற் போதாது. திரும்பி வந்து பார்ப்பவனுக்குப் பார்ப்பதற்கு ஏதேனும் இருத்தல் வேண்டும். புதைக்கப்படும் ஒவ்வொரு வகைச் செரமிக்கிலும் ஒருசில துண்டுகளை மேலே, அளந்தறியத்தக்க இடத்தில், வைத்திருத்தல் பெருஞ்செலவு ஆகாது. பத்தாண்டுக்கு ஒருமுறை அதன் பருமனையும் பளிங்கையும் கரைவையும் அளந்து, நம் எதிர்வுகூறலோடு ஒப்புநோக்கி எழுதிவைக்கலாம். 1,400 ஆண்டில் உருவிழக்கும் கல் முதல் நூறாண்டிலேயே அதன் தொடக்கத்தைக் காட்டிவிடும். அத்துண்டுகளோடு வைக்கவேண்டிய ஏடு, இது பாதுகாப்பானது எனக் கூறும் ஏடு அன்று. எவ்வளவு தெரிந்துகொண்டு இதனைச் செய்தோம், எங்கே ஐயுற்றோம், ஐயுற்றும் ஏன் செய்தோம் என்பவற்றை அது கூறவேண்டும். அதனை எழுதும்போது ஒப்பமிடுவோர் தம் பெயரோடு ஒப்பமிடுதல் வேண்டும். திணைக்கள முத்திரை மாத்திரம் போதாது.